கைத்தொலைபேசிச் சார்ஜரால் கரண்ட் அடிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீட்டு வயரிங் வேலை செய்துவருகிறேன். விசிறி மாட்டப் போனாலும் மெயின் சுவிச்சு மாற்றப் போனாலும், வேலை முடியும் நேரத்தில் வீட்டார் யாராவது ஒரு சார்ஜரைக் கையில் கொண்டுவந்து சந்தேகம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்விகளுக்கு, நின்ற நிலையில் சொல்லி முடிக்க முடியாத பதில்களை இங்கே ஆறுதலாக எழுதியிருக்கிறேன்.

சார்ஜரிலிருந்து வருவது 5 வோல்ட்தானே? அது எப்படி ஆளைத் தாக்கும்?

5 வோல்ட் தாக்காது. வேகமாக மின்னேற்றும் சார்ஜர்கள் தரும் 9, 12, 20 வோல்ட்டும் உலர்ந்த தோலைத் தாக்காது. ஆபத்து அந்த 5 வோல்ட்டில் இல்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் 230 வோல்ட்டில் இருக்கிறது.

சுவரில் சொருகும் அந்தச் சிறு பெட்டிக்குள் முதலில் 230 வோல்ட் ஆடலோட்டம் (ஏசி) நேரோட்டமாக (டீசி) மாற்றப்படுகிறது. அந்த இடத்தில் அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட்டாக உயர்ந்து நிற்கும். பிறகு அதை ஓர் இலத்திரனியல் சில்லு (சிப்) விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி, சுண்டுவிரல் நுனியளவான ஒரு நிலைமாற்றிக்குள் (ட்ரான்ஸ்போமர்) அனுப்புகிறது. நிலைமாற்றியின் ஒரு சுருள் சுவர் மின்சாரத்தோடும், மற்றச் சுருள் உங்கள் போனோடும் இணைந்திருக்கும். இரண்டு சுருளுக்கும் இடையில் கம்பித் தொடர்பு கிடையாது. காந்தப் புலம் மட்டுமே சக்தியைக் கடத்துகிறது. ஆகவே சுவர் மின்சாரத்தையும் உங்கள் கையையும் பிரித்து வைப்பது, அந்தச் சுருள்களுக்கு நடுவே சுற்றப்பட்ட சில படை நாடாவும், சுற்றுப்பலகையில் விடப்பட்ட சில மில்லிமீற்றர் இடைவெளியும்தான்.

ஒழுங்கான சார்ஜரில் அந்த இடைவெளி ஐந்து மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கும். 3000 வோல்ட் கொடுத்துப் பார்த்தாலும் காவலி, அதாவது மின்னைக் கடத்தாத அந்தத் தடுப்பு, தாங்க வேண்டும். மலிவுச் சார்ஜர்களில் இந்த இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக இருப்பதையும், நிலைமாற்றியில் நாடாவே சுற்றப்படாமல் இருப்பதையும் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தச் சிறு இடைவெளியில் ஈரமோ உருகிய ஈயத்துளியோ பாலம் போட்டுவிட்டால், 230 வோல்ட் கேபிள் வழியாகப் போனுக்கும், போனிலிருந்து உங்கள் காதுக்கும் வந்துவிடும். விலை உயர்ந்த போன் என்பதால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. பாதுகாப்பது போன் அல்ல, சார்ஜர்ப் பெட்டி.

சார்ஜில் இருக்கும் போனின் விளிம்பைத் தொட்டால் மெல்லிதாக விறுவிறுக்கிறது. இது கரண்ட் அடிப்பதா?

இந்தக் கேள்வியைத்தான் மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகக் கேட்கிறார்கள்.

வானொலி, தொலைக்காட்சிக்கு இரைச்சல் ஏற்படாமல் இருப்பதற்காக நல்ல சார்ஜர்களிலும் 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையில் ஒரு சிறிய கொள்ளளவி (கப்பாசிட்டர்) வேண்டுமென்றே இணைக்கப்படுகிறது. அதன் வழியாக மிகச் சிறிய ஒழுக்கு மின்னோட்டம் போனின் உலோகப் பகுதிக்கு வரும். எர்த் இல்லாத இந்த வகைச் சார்ஜருக்குச் சர்வதேசத் தரங்கள் அனுமதிக்கும் உச்ச அளவு ஒரு மில்லிஅம்பியருக்கும் குறைவு, போன் சார்ஜர்களில் பெரும்பாலும் அதைவிடவும் குறைவாகவே இருக்கும். வெறுங்காலுடன் சீமெந்துத் தரையில் நின்று, முன்கையின் உட்பக்கத்தாலோ கன்னத்தாலோ தொட்டால் அது எறும்பு ஊர்வதுபோல் தெரியும். செருப்புப் போட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். இது உயிருக்கு ஆபத்தானது அல்ல.

டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிகிறது என்று பயந்து என்னை அழைத்தவர்களும் உண்டு. டெஸ்டரின் நியோன் விளக்கு எரிவதற்கு மிக மிகச் சிறிய மின்னோட்டமே போதும். ஆகவே அது எரிவதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஆனால் ஊர்வதற்கும் அடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கை தானாகப் பின்னுக்கு இழுபட்டால், சுள்ளென்று குத்தினால், நேற்று இல்லாத விறுவிறுப்பு இன்று புதிதாக வந்திருந்தால், அந்தச் சார்ஜரை உடனே நிறுத்திவிடுங்கள். நிறுத்தும்போது கேபிளையோ போனையோ பிடித்து இழுக்க வேண்டாம். முதலில் சுவிச்சை அணைத்து, அல்லது மெயினை அணைத்து, அதன் பிறகு கழற்றுங்கள்.

உடலுக்கு எவ்வளவு மின்னோட்டம் ஆபத்தானது?

சுமார் 1 மில்லிஅம்பியரில் பெரும்பாலானோர் உணர்வார்கள். 10 மில்லிஅம்பியரைத் தாண்டும்போது தசை இறுகி, பிடித்த பொருளை விட முடியாமற் போகலாம். 30 மில்லிஅம்பியர் அளவில் மூச்சு தடைப்படலாம். அதற்கு மேலே, 50, 100 என்று போகும்போது இதயத்தின் துடிப்பு ஒழுங்கு குலைந்து உயிர் போகலாம்.

உலர்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம் இருக்கும். நனைந்த உடலில் அது ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் 0.23 அம்பியர், அதாவது 230 மில்லிஅம்பியர். கிணற்றடியில் குளித்துவிட்டுத் துவட்டாத தலையோடு போனை எடுப்பவரின் கணக்கு இதுதான்.

அப்படி உண்மையிலேயே யாருக்காவது நடந்திருக்கிறதா?

என் தங்கையின் மகனுக்கு நடந்தது. மார்கழி மழை நாள் ஒன்றில் வெளியே நனைந்து வந்த பிள்ளை, சார்ஜில் கிடந்த போனில் வயர் இயர்போனை மாட்டிக்கொண்டு ஈரத் தரையில் இருந்திருக்கிறான். காதில் அடித்துத் தூக்கிப் போட்ட அதே கணத்தில் வீட்டின் ட்ரிப் சுவிச்சு விழுந்தது. காதுமடலில் சிறு காயத்தோடு பிள்ளை தப்பினான். பெயர் இல்லாத, தெருவோரத்தில் வாங்கிய அந்தச் சார்ஜரை நான் பிரித்தபோது, நிலைமாற்றியின் இரு பக்கக் கால்களுக்கும் நடுவில் சுற்றுப்பலகை கரியாகியிருந்தது. அந்த வீட்டுக்கு ட்ரிப் சுவிச்சு போடச் சொல்லி நான் முன்பு பல தடவை வற்புறுத்த வேண்டியிருந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ட்ரிப் சுவிச்சு இருந்தால் பயமில்லையா?

வீடுகளுக்குப் போடப்படும் ட்ரிப் சுவிச்சு 30 மில்லிஅம்பியர் ஒழுக்குக்கு விழ வேண்டியது. போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால், குறையும் பங்கு எங்கோ ஓர் உடல் வழியாகவோ சுவர் வழியாகவோ நிலத்துக்குப் போகிறது என்று அது எடுத்துக்கொள்ளும். 30 மில்லிஅம்பியரில் 0.3 விநாடிக்குள்ளும், 150 மில்லிஅம்பியரில் 0.04 விநாடிக்குள்ளும் அது இணைப்பைத் துண்டிக்க வேண்டும். மேலே சொன்ன நனைந்த உடலின் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். இதயம் ஒரு தடவை துடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். இதைவிட நல்ல காவலை நான் அறியேன்.

இருந்தாலும் அதற்கு எல்லை உண்டு. ஒரு கையால் லைனையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டவரை அது காப்பாற்றாது. உப்புக்காற்றில் உள்ளே இறுகிப்போன பழைய ட்ரிப் சுவிச்சு, தேவைப்படும் நாளில் விழாமல் நிற்கலாம். அதில் 'டீ' என்ற எழுத்துள்ள பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது காட்சிப் பொருள்தான், மாற்றியே ஆகவேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்பதற்காக ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்து நேராக இணைத்துத் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அது விழுவதற்கு வீட்டில் எங்கோ ஒழுக்கு இருப்பதுதான் காரணம். ஒழுக்கைத் தேடித் திருத்துவேனே தவிர, அந்த இணைப்பை ஒருபோதும் செய்து தரமாட்டேன். வேறு யாரையும் செய்ய விடாதீர்கள்.

சதுரப் பிளக் பொயின்ட்டில் இரண்டு முள் சார்ஜரைச் சொருகுவதற்குப் பேனாவைக் குத்துகிறோம். பரவாயில்லையா?

நம் பகுதியில் இதைச் செய்யாத வீட்டை எண்ணிவிடலாம். பிள்ளைகளும் பார்த்துப் பழகிவிட்டார்கள் என்பதே எனக்குப் பெரிய கவலை.

13 அம்பியர் சதுர முள் பொயின்ட்டில் மேலேயுள்ள எர்த் துளைக்குள் நீண்ட முள் நுழையும்போதுதான் கீழுள்ள இரண்டு துளைகளின் மூடிகளும் திறக்கும். சிறு பிள்ளையின் விரலோ ஊசியோ உள்ளே போகாமல் இருப்பதற்காகவே அந்த மூடி வைக்கப்பட்டது. பேனாவாலோ ஈர்க்கினாலோ அதைத் திறக்கும்போது அந்தப் பாதுகாப்பை நாமே பிள்ளைகளுக்கு முன்னால் உடைத்துக் காட்டுகிறோம். அடுத்த நாள் பிள்ளையின் கையில் பேனாவுக்குப் பதிலாக ஆணி இருக்கலாம்.

அதோடு, 4 மில்லிமீற்றர் உருண்டை முள் தட்டையான முள்ளுக்காகச் செய்யப்பட்ட வாய்க்குள் ஒழுங்காகப் பிடிக்காது. ஆடும், பொறி பறக்கும், சூடேறி வாய் தளர்ந்துவிடும். பாதி வெளியே நிற்கும் முள்ளில் விரல் படவும் கூடும். பழைய 5 அம்பியர் உருண்டைப் பொயின்ட்டிலும் அந்த மெல்லிய முள் தளர்வாகவே இருக்கும். அங்கே மூடியும் பெரும்பாலும் கிடையாது.

நம் நாடு 13 அம்பியர் சதுர முள்ளையே ஒரே தேசியத் தரமாகத் தெரிவு செய்திருக்கிறது. சதுர முள்ளோடு வரும் சார்ஜரை வாங்குங்கள். கையில் இருப்பது இரண்டு முள் என்றால், உருகியும் (பியூஸ்) மூன்று முள்ளும் உள்ள நல்ல மாற்றிப் பிளக் ஒன்றைப் போட்டு, அதைக் கழற்றாமலே வைத்திருங்கள்.

போலிச் சார்ஜரை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளியிலிருந்து பார்த்து முழு உறுதியாகச் சொல்ல முடியாது. 2016இல் யூஎல் என்ற பரிசோதனை நிறுவனம் ஆப்பிள் சார்ஜர்களைப்போலச் செய்யப்பட்ட 400 போலிகளைச் சோதித்தபோது, மூன்றைத் தவிர மற்ற எல்லாமே தோற்றன. 12 சார்ஜர்கள் உயிரைப் பறிக்கக்கூடிய அளவுக்கு மோசமாகச் செய்யப்பட்டிருந்தன. வெளித்தோற்றத்தில் அவை அசலைப்போலவே இருந்தவைதான்.

ஆனாலும் கையில் எடுத்துப் பார்த்தால் சில அடையாளங்கள் கிடைக்கும். உள்ளே ஒழுங்கான நிலைமாற்றி இல்லாத சார்ஜர் வெற்று டப்பாபோலப் பாரமற்று இருக்கும். ஆட்டினால் உள்ளே ஏதோ கிலுங்கும். எழுத்துகள் மங்கலாகவும் பிழையாகவும் இருக்கும். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்பதும், எவ்வளவு வோல்ட், எவ்வளவு அம்பியர் வெளியே வரும் என்பதும், செய்த நிறுவனத்தின் பெயரும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறி இரட்டைக் காவலிடலைக் குறிக்கும். ஆனால் குறியை யாரும் அச்சடிக்கலாம். அது இல்லாவிட்டால் வாங்க வேண்டாம் என்பதற்கு மட்டுமே அது பயன்படும், இருக்கிறது என்பதற்காக நம்பிவிட முடியாது.

என் சொந்த வழக்கம், போன் நிறுவனத்தின் முகவரிடமோ, பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் தரும் கடையிலோ மட்டும் வாங்குவது. ஒரு தேத்தண்ணியும் இரண்டு வடையும் சாப்பிடும் காசுக்குச் சார்ஜர் விற்கப்படுகிறது என்றால், எதை மிச்சம் பிடித்து அந்த விலைக்கு அதைச் செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காவலியைத்தான் மிச்சம் பிடித்திருப்பார்கள், ஏனென்றால் அதுதான் வெளியே தெரியாது.

கட்டாரிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்த சார்ஜரைப் பாவிக்கலாமா?

நல்ல நிறுவனத்தினுடையது என்றால் தாராளமாகப் பாவிக்கலாம். அந்த நாடுகளிலும் சதுர முள்ளும், ஏறத்தாழ நமது அளவு வோல்ட்டும்தான். இந்தியாவிலிருந்து வருபவை பெரும்பாலும் இரண்டு உருண்டை முள் உள்ளவை. அவற்றுக்கு மேலே சொன்ன மாற்றிப் பிளக் வேண்டும்.

கேபிள் பிய்ந்துவிட்டது. டேப் சுற்றிப் பாவிக்கலாமா?

கேபிளில் ஓடுவது 5 வோல்ட். சார்ஜர் நல்லதாக இருக்கும்வரை பிய்ந்த கேபிள் உங்களைத் தாக்காது. ஆனால் உள்கம்பிகள் ஒன்றோடொன்று முட்டிச் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. சார்ஜர் கெட்டுப்போகும் நாளில், பிய்ந்த இடம் 230 வோல்ட்டை நேராகக் கையில் தரும். புதிய கேபிள் வாங்குவதே சரி.

பிய்ந்த கேபிளுக்குப் பயப்படுகிறவர்கள், வெடித்த சார்ஜர்ப் பெட்டிக்கு டேப் சுற்றிக்கொண்டு பாவிப்பதையும் பார்க்கிறேன். பயப்பட வேண்டியது அந்தப் பெட்டிக்குத்தான். மூடி கழன்ற, முள் ஆடுகிற, தீய்ந்த மணம் வருகிற சார்ஜரை ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள்.

சார்ஜில் வைத்துக்கொண்டு கதைக்கலாமா? படுக்கையில் வைக்கலாமா?

நல்ல சார்ஜர், உலர்ந்த கை, ட்ரிப் சுவிச்சு ஆகிய மூன்றும் இருந்தால் கதைப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் மூன்றும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு தடவையும் யாரும் பார்ப்பதில்லை; ஆகவே கழற்றிவிட்டுக் கதைப்பதையே நான் சொல்லுவேன். வயர் இயர்போன் காதில் இருக்கும்போது கட்டாயம் கழற்ற வேண்டும், ஏனென்றால் காதுக்குள் தோல் மெல்லியது, வியர்வையும் இருக்கும்.

தலையணைக்குக் கீழேயும், நுளம்பு வலைக்குள்ளேயும், பாயிலும் மின்னேற்றக் கூடாது. வெப்பம் வெளியேற வழியில்லாமல் சார்ஜரும் பற்றரியும் சூடாகும். உறக்கத்தில் வியர்த்த உடல் அதன்மேல் புரளும். இரவில் படம் பார்க்கத்தான் வேண்டும் என்றால், பகலில் பவர் பேங்கை மின்னேற்றி வைத்து, இரவில் அதிலிருந்து போனுக்குக் கொடுங்கள். சுவரோடு தொடர்பில்லாத பவர் பேங்கிலிருந்து 230 வோல்ட் வருவதற்கு வழியே இல்லை.

குளியலறையில்?

ஒருபோதும் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியிலோ தண்ணீர்த் தொட்டி அருகிலோ வைப்பதும் அதேதான்.

வெள்ளம் வரும் காலத்தில் என்ன செய்வது?

2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் நம் இரு மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்த வீடுகளில் பிளக் பொயின்ட்வரை தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் ஏறுமுன்பே சார்ஜர்கள், மல்டி பிளக் எல்லாவற்றையும் கழற்றி உயரத்தில் வையுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டால், தண்ணீரில் நின்றுகொண்டு மெயினைத் தொட வேண்டாம். மின்விநியோகம் செய்பவர்களுக்கு 1987 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள்.

தண்ணீரில் மூழ்கிய சார்ஜரை வெயிலில் காயவைத்து மீண்டும் பாவிக்கிறார்கள். வெளியே காய்ந்தாலும், உள்ளே அந்தச் சில மில்லிமீற்றர் இடைவெளியில் சேறும் உப்பும் படிந்திருக்கும். அடுத்த ஈரக்காற்றில் அதுவே பாலமாகிவிடும். போனை மீட்கலாம், சார்ஜரை எறிந்துவிடுங்கள்.

பாடசாலையில் இடம்பெயர்ந்து தங்கும் நாட்களில் ஒரு மல்டி பிளக்கில் இருபது போன்கள் தொங்குவதையும், அது ஈரத் தரையில் கிடப்பதையும் கண்டிருக்கிறேன். அங்கே பொறுப்பானவர்கள் ஒரு மேசையை உயரமான, உலர்ந்த இடத்தில் போட்டு, கை துடைத்த ஒருவர் மட்டும் சொருகிக் கழற்றும்படி ஏற்பாடு செய்தால் பெரிய ஆபத்தைத் தவிர்க்கலாம்.

கல்லடி, காரைதீவு, திருக்கோவில் போன்ற கடற்கரையோர வீடுகளுக்கு வேறு கவனம் தேவையா?

தேவை. உப்புக்காற்று பொயின்ட்டின் வாயிலும் சார்ஜரின் முள்ளிலும் பச்சையாகக் களிம்பு பிடிக்கச் செய்கிறது. உப்புப்படை ஈரத்தை உறிஞ்சி மின்னைக் கடத்தும். ஜன்னலோரத்தில் சார்ஜரைச் சொருகியபடியே விடாமல், வேலை முடிந்ததும் கழற்றி மேசை லாச்சிக்குள் வையுங்கள். களிம்பு பிடித்த பொயின்ட்டைச் சுரண்டுவதை விட மாற்றுவது மேல்.

இடி மின்னலின்போது?

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரத்தில் வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள். சுவிச்சை அணைத்தால் மட்டும் போதாது, மின்னல் தரும் அழுத்தம் சுவிச்சின் இடைவெளியைத் தாண்டிப் பாயும். இடி தலைக்கு மேலே வந்த பிறகு பிளக்கைத் தொடவும் வேண்டாம்.

சிறு பிள்ளை கேபிள் நுனியை வாயில் வைத்துவிட்டால்?

உமிழ்நீர் பட்டால் 5 வோல்ட்டும் வாயைப் பொசுக்கக்கூடும். கெட்ட சார்ஜர் என்றால் அதைவிடப் பெரிய விபரீதம். போனைக் கழற்றும்போது சார்ஜரையும் சுவரிலிருந்து கழற்றுவதைப் பழக்கமாக்குங்கள். வாயில் காயம் தெரிந்தால் சிறியது என்று விடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஒருவருக்குக் கரண்ட் அடித்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அவரைத் தொடாதீர்கள். தாயானாலும் பிள்ளையானாலும் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அணைக்க முடியாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரத்தடியாலோ பிளாஸ்டிக் கதிரையாலோ சார்ஜர் வயரை அவரிடமிருந்து தள்ளிவிடுங்கள். பிறகு 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மூச்சும் அசைவும் இல்லையென்றால், அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, வளர்ந்தவருக்கு ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாமல் அமுங்கும்படி அழுத்துங்கள். பழகியவர்கள் 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு கொடுக்கலாம். பழகாதவர்கள் அழுத்துவதை நிறுத்தாமல் செய்தாலே போதும்.

எழுந்து நடந்துவிட்டார் என்பதற்காக விட்டுவிடவும் கூடாது. மயங்கியவர், நெஞ்சு படபடப்பவர், தீக்காயம் உள்ளவர், கர்ப்பிணி ஆகியோரை அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இதயத்துடிப்பைப் பதிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆபத்தான சார்ஜரை விற்றவர்மீது முறையிட முடியுமா?

முடியும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டையும் அந்தச் சார்ஜரையும் எறியாமல் வைத்திருங்கள்.

கழித்துவிட்ட சார்ஜரை என்ன செய்வது?

முறைப்பாடு எதுவும் இல்லையென்றால், வேறு யாரும் எடுத்துச் சொருக முடியாதபடி முள்ளை வெட்டி அல்லது வளைத்துவிட்டு, இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். வளவுக்குள் குப்பையோடு எரிக்க வேண்டாம். அந்தப் புகை நஞ்சு. "வேலை செய்கிறதுதானே" என்று வயல் வாடிக்கோ வேலைக்கு வருபவருக்கோ கொடுத்துவிடவும் வேண்டாம். உங்கள் பிள்ளையின் கையில் வைக்கப் பயந்த பொருளை இன்னொருவர் கையில் வைக்காதீர்கள்.